எடைச்சீட்டின் பின்புறம்

லாரி ஏறினால் பாலம் லேசாக முனகும்.
சிவப்பு எண்கள் தடுமாறி நிற்கும்:
பதினான்காயிரத்து இருநூற்று இருபது.
இருபது கிலோதான் இதன் நுணுக்கம்.
அதற்குக் கீழே உள்ள எதுவும்
இதன் கணக்கில் உலகத்திலேயே இல்லை.

அதனால்தான் தொடங்கியிருப்பேன்,
கெட்டுப்போன எடைச்சீட்டுகளின் பின்புறத்தில்:
மார்ச் ஏழு. மைனா, பதினொன்று, பாலத்தின் மேலேயே.
எண்கள் அசையவில்லை.
மார்ச் ஒன்பது. செம்போத்து, கழிவுநீர்க் குட்டையோரம்,
மழையில் நனைந்து,
கடன் கேட்க வந்தவர் வாசலில் நிற்பதுபோல.

சுங்கை கெலாமில் பார்க்க என்ன இருக்கிறது?
ஒரே தெரு. அடகுக்கடை, எண்ணெய் நிலையம்,
உழவாரன்களை வரவழைக்க
நாளெல்லாம் கீச்சொலி ஒலிபரப்பும்
ஆ லெங்கின் ஜன்னலற்ற மூன்று மாடி.
எது குருவி, எது ஒலிபெருக்கி என்று
தெரு கேட்பதை எப்போதோ விட்டுவிட்டது.
தெரு முடிந்தால் செம்பனை.
ஒன்பது மீட்டருக்கு ஒரு மரம்,
பிறகும் ஒன்பது மீட்டர்.
"அதுல ஏது குருவி?" என்பார் லாரிக்காரர் குணாளன்.

கூகை இருக்கிறது. எலி பிடிக்க
நிர்வாகமே கம்பத்தில் பெட்டி வைத்திருக்கிறது:
வீடு இலவசம், இரவு ஷிப்ட்,
வேலை இருக்கும்வரை தங்கலாம்.
அந்த ஒப்பந்தம் எங்களுக்கும் தெரியும்.

என் தொலைநோக்கி ஈப்போவில் எண்பது வெள்ளிக்கு வாங்கியது.
இடது கண்ணாடியில் பூஞ்சை.
எந்தப் பறவையையும்
ஒரு மேகத்தோடு சேர்த்தே காட்டும்.
செப்டம்பரில், குலைத் திருட்டு கூடியிருந்த நேரம்,
எட்டாம் டிவிஷன் ஓரத்தில் அதோடு என்னைப் பிடித்தார்
காவலர் தில் பகதூர்.
"தெங்ஙோக் பூரோங்" என்றேன்.
என் காலணியைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார்.
நம்பவில்லை.
ஆனால் மறுநாளிலிருந்து
ரோந்தில் கண்டதையெல்லாம் கையால் சொல்லத் தொடங்கினார்:
இவ்வளவு நீளம். வால் இப்படி.
என் சீட்டொன்றில் இருக்கிறது,
"தில் பார்த்தது. முழங்கை அளவு. கொண்டை உண்டு. கோபக்காரன்."
இன்றுவரை அது என்னவென்று தெரியாது.

நவம்பர். பழம் மிகுந்த மாதம்.
விடிய விடிய லாரி, விடிய விடிய விளக்கு.
இரண்டே முக்காலுக்கு என் கண்ணாடியில்
யாரோ ஈரத்துணி எறிந்ததுபோல் ஒரு சத்தம்.
வெளியே போனேன்.
பாலத்தின் இரும்புத்தகட்டில்
உட்கார்ந்திருந்தது, உட்காரத் தெரியாததுபோல.
பச்சை முதுகு. நீலச் சிறகு.
வயிற்றடியில், யாரும் பார்க்க வேண்டாமென்று
வைத்துக்கொண்ட சிவப்பு.
வால் இருக்கிறதென்று சொல்லலாம், அவ்வளவுதான்.

புத்தகத்தில் இதன் இனத்துக்குத் தமிழில்
தோட்டக்கள்ளன் என்று பெயர்.
இந்த ஊரில் அந்தப் பெயரை
யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

தில் பகதூர் தொப்பியைக் கழற்றி
அதன்மேல் கவிழ்த்தார், தொடாமல்.
"டாரி மானா?" எங்கிருந்து?
வடக்கே கை காட்டினேன்.
தலையாட்டினார்.
அந்தத் திசையைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்,
ஒன்றும் சொல்லவில்லை.

நான்தான் உள்ளே போய்
முற்றத்து விளக்குகளின் விசையை இறக்கினேன்.
வரிசையில் ஆறு லாரி. ஹாரன் எழும்பியது.
இருட்டு முதலில் கறுப்பாக இருந்தது.
பிறகு நட்சத்திரங்கள்,
நான் வேலைக்குச் சேர்ந்து பன்னிரண்டு வருடத்தில்
இந்த முற்றத்தின் மேல் கண்டிராதவை.
தொப்பியை எடுக்கும் ஓசை.
இறக்கை அடிக்கும் ஓசை, இரண்டு மூன்று முறை,
தெற்குப் பக்கம்.

பதிவேட்டில் எழுதினேன்: மின்தடை, பத்து நிமிடம்.
முதல் பொய். கையெழுத்து நன்றாகவே வந்தது.

குணாளன் ஜன்னலுக்குக் குனிந்தார்.
"என்னாச்சுங்க?"
"திருடன்."
"பிடிச்சாச்சா?"
"விட்டாச்சு."
என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு வண்டியை ஏற்றினார்.
பதினான்காயிரத்து அறுபது என்றது பாலம்,
தகட்டில் ஒட்டிக்கிடந்த
பச்சைத் தூவலையும் சேர்த்து.