எண் 4417

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள்
உன் முதல் செய்தி வந்தது.
மன்னிக்கணும் அக்கா என்று தொடங்கியிருந்தாய்.
இரண்டாவதில் மன்னிப்பு இல்லை.
மூன்றாவதில் ரசீது:
மொத்தம் ஐயாயிரம் வெள்ளி, பாதி முன்பணம்,
எடுக்கும் படம் அத்தனையும் தரப்படும்.
கீழே அவர் கையெழுத்து,
கடைசி எழுத்தின் வால் கோட்டைத் தாண்டி ஓடியிருந்தது.

உன்மேல் கோபமில்லை, ஹேமலோஷினி.
செத்தவருக்கும் பாக்கி உண்டு.
மின்கட்டணம் இன்னும் அவர் பெயருக்குத்தான் வருகிறது,
துவான் என்று மரியாதையாக.

கணினி கடவுச்சொல் கேட்டது.
என் பிறந்தநாள் இல்லை. மகனுடையதும் இல்லை.
முருகன் பெயர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன்,
அவனும் திறக்கவில்லை.
கொம்தார் மூன்றாம் மாடியில் ஒரு சீனப் பையன்
நானூற்றைம்பது வெள்ளிக்குத் திறந்துவிட்டான்.
உள்ளே எழுநூற்று எட்டுக் கல்யாணம்.
ஊரார் சாப்பிட்டு மடித்த இலைகூட இருந்தது.
இவர் எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்பது
எதிலும் இல்லை.

அழிச்சிடலாம்மா என்கிறான் மகன்.
க்ளவுட் வாடகை மாதம் நாற்பத்தைந்து வெள்ளி,
யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு நாம் ஏன் கட்டணும்?
எனக்கும் பதில் தெரியவில்லை.
போன வாரம் சுங்கை பாக்காப்பிலிருந்து ஒருவர் வந்தார்.
யாரோ ஒருவர் கல்யாணப் பந்தியில்
தன் மனைவி உட்கார்ந்திருந்தாளாம்,
பதினொன்றோ பன்னிரண்டோ, பச்சைச் சேலை.
மூன்று மணிநேரம் தேடினோம்.
கிடைத்தாள், வாயில் பாதி அப்பளத்தோடு.
இவ இப்படித்தான் என்றார்,
இன்னொரு முறை, இவ இப்படித்தான்.
அந்த மாத வாடகையைக் கட்டிவிட்டேன்.

உன் கல்யாணம் 3280-இல் தொடங்குகிறது.
நான்கு இரவு பார்த்தேன், தங்கச்சி.
அவரோடு ஒரு கல்யாணத்துக்கும் நான் போனதில்லை,
வேலைக்குப் போகும் இடத்தில் பெண்டாட்டி எதற்கு என்பார்.
மணவறைக்குப் பின்னால் நீ
ஒற்றைக் காலில் நின்று குதிகாலைப் பிசைகிறாய்.
உன் அப்பா கடிகாரத்தைப் பார்க்கிறார்,
சமையல்காரரை அல்ல, ஐயரைத்தான் நம்பாமல்.
4391 தாலி.
4392 அட்சதை, ஒவ்வொரு அரிசியும் காற்றில் தனித்தனியாக.
4409 அம்மிமேல் உன் கால், புது மெட்டி.
4416 உன் மாமனார், ஜிலேபித் தட்டோடு, சிரித்தபடி.

அதுவரை உனக்கு அனுப்பிவிட்டேன்.
நீயும் நன்றி சொன்னாய், பூ படம் போட்டு.

அடுத்த ஒன்று இருக்கிறது.
சிவப்புக் கம்பளம், முழுசும் சாய்ந்து.
ஒரு நாற்காலிக் கால்.
விழும்போதும் விரல் பொத்தானில் இருந்திருக்கிறது.
மூலையில், மங்கலாக, ஓடிவரும் ஒரு பாதம்.
எட்டுப் படத்துக்கு முன் பார்த்த அதே மெட்டி.

நான் பாலம் கடந்து பட்டர்வொர்த் வருவதற்குள்
எல்லாம் முடிந்திருந்தது.
யார் முதலில் ஓடிவந்தது என்று
ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.
நீயும் சொல்லவில்லை,
மூன்று செய்தியிலும்.

கேமராவை கெப்பாலா பத்தாஸ் பையன்
ஹஃபிஸ் வாங்கிக்கொண்டான்.
சரிபார்க்க ஒரு முறை அமுக்கினான்:
4418, எங்கள் வீட்டு ஐஸ்பெட்டி.
எண்ணை ஒன்றிலிருந்து வைக்கட்டுமா அக்கா என்று கேட்டான்.
ஓடட்டும் என்றேன்.

ரசீதுப்படி 4417 உன்னுடையது.
தெரியும்.
உன் கால் அது, உன் கம்பளம், உன் நாள்.
ஆனாலும் தர மாட்டேன்.
மொத்தம் ஆயிரத்து நூற்று முப்பத்தெட்டுப் படம்,
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
நீ தர வேண்டிய மிச்சத்தில்
நான்கு வெள்ளி நாற்பது காசு கழித்துக்கொள்.