நாற்பத்தேழு விநாடி

நாற்பத்தேழு விநாடிக்கு ஒன்று.
ஒரு மாதமாக ஒரே அளவு, ஒரே உருவம்.
திரையில் மீன்முள் போல் ஒரு கிறுக்கல் எழும்பி அடங்கும்,
பிறகு வெறும் கோடு,
பிறகு இன்னொரு மீன்முள்.

எங்கள் துறையில் இதற்கு முரசடி என்று பெயர்.
கம்சாத்காவின் பன்னிரண்டு மணி நேர இரவுப் பணிக்குத்
தொள்ளாயிரத்துப் பத்தொன்பது அடிகள்.
எண்ணுவது கணினியின் வேலை.
ஆனாலும் தேநீர் ஆற்றும்போது
என் உதடு தனியாக எண்ணிக்கொண்டிருக்கும்.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.
இங்கே அம்மி மலைக்குள் இருக்கிறது:
பாதி இறுகிய பாறை, தொண்டையில் அடைத்த தக்கை.
கீழிருந்து ஏதோ நெம்ப நெம்ப
சிக்கும், வழுக்கும், சிக்கும்.
வழுக்கும்போதெல்லாம் ஓர் அடி,
அடிக்கு ஒரு நகக்கண் உயரம்.

காலை அறிக்கையில் எழுதுவேன்:
'குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. நிறம் மஞ்சள்.'
மஞ்சளைச் சிவப்பாக்க ஒரு பொத்தான் உண்டு,
ஏன் அழுத்தினேன் என்று விளக்க
மூன்று பக்கப் படிவம் உண்டு.

மீன் கடையில் ஃபைனா கேட்பாள்,
'கப்பித்தலீனா, மலை எப்படி இருக்கு?'
'பழையபடிதான்.'
'அப்போ ஜன்னலைக் கழுவலாம்.'
சாம்பல் விழாத நாளென்று அவளுக்கு நான்தான் ஜாமீன்.

போன ஆகஸ்டில் மேல்ஓடை நிலையத்தில் மட்டும்
ஊரே பெயர்வதுபோல் ஓர் ஆட்டம்.
எவ்கிராஃப் போய்ப் பார்த்தான்:
கம்பத்தில் கரடி முதுகு சொறிந்த தடம்,
திருகாணியில் பழுப்பு மயிர்.
அந்த மயிரைப் பதிவேட்டில் ஒட்டிப் பக்கத்தில் எழுதினேன்,
'ஆழம்: பூஜ்யம்.'

மார்ச் பதினொன்று, அதிகாலை மூன்று பன்னிரண்டு.
நாற்பத்தேழு வந்தது.
அடி வரவில்லை.
நாற்பத்தெட்டு.
ஐம்பது.
வாயில் எடுத்த தேநீர் வாயிலேயே.
அறுபது.

கரடி என்று நினைக்க ஆசையாக இருந்தது.
நான்கு நிலையங்களிலும் அதே வெறும் கோடு.
ஒரு கரடி நான்கு கம்பங்களில் முதுகு சொறியாது.
வயிற்றில் புளியைக் கரைத்தது.

நெம்பியது ஓய்ந்துபோயிருக்கலாம்.
அல்லது மூச்சைப் பிடித்துக்கொண்டு
ஒரே நெம்பாக நெம்பக் காத்திருக்கலாம்.
இரண்டுக்கும் திரையில் ஒரே கோடுதான்.
மாதம் முழுக்க நான் பயந்தது அடிக்கு அல்ல என்று
அந்த நேரத்தில்தான் எனக்கே தெரிந்தது.

அழுத்தினேன்.

மேலே, எனக்குக் கேட்காத உயரத்தில்
ஒரு விமானம் தெற்கே சாய்ந்தது.
முந்நூறு பேர் தூக்கத்தில்.
இடது ஜன்னலில் இருந்த நிலா
வலது ஜன்னலுக்குப் போனதை
ஒருவர்கூடப் பார்த்திருக்கமாட்டார்.

நான்கு நாற்பது.
மீன்முள்.
நாற்காலியை விட்டு எழுந்தேன், ஏனென்று தெரியவில்லை.
அடுத்தது வந்தபோது
நாற்பத்தேழு கடந்து, ஐம்பதும் கடந்து,
ஐம்பத்தொன்று.
அதற்கடுத்ததும் ஐம்பத்தொன்று.

எட்டு மணிக்கு ரோஸ்திஸ்லாவ் தொலைபேசியில்:
'ஒன்றும் நடக்கவில்லையே,
ஐந்து விமானத்துக்கு எரிபொருள் யார் தருவது?'
'நடந்தது' என்றேன்.
'எண்பத்தெட்டு நிமிடம் அடிக்காமல் இருந்தது.'
மறுமுனையில் தாள் புரளும் ஓசை.
படிவத்தின் முதல் பக்கமாக இருக்கலாம்.

அறிக்கையில் வழக்கமான வரியைத் தட்டிவிட்டு
கடைசிச் சொல்லை மட்டும் அழித்தேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் மீன் கடை.
ஃபைனா தராசில் நெத்திலியைக் கொட்டிக்கொண்டே கேட்டாள்,
'மலை?'
'நான்கு விநாடி தாமதம்.'
பேருந்தைச் சொல்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ,
சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.
'ஜன்னல்?'

பதில் சொல்லவில்லை.
ஈரப் பலகைமேல் என் விரல்
நாற்பத்தொன்பது வரை வந்திருந்தது.