பெட்டி அடுத்த மாதம்

எட்டாம் மாதம்தான் சீட்டு எனக்கு விழுந்தது.
ஒரு லட்சத்து எண்பதினாயிரம்.
பார்மசி பில்லின் பின்பக்கத்தில்
பென்சிலால் பட்டியல் எழுதினேன்,
அழிக்க வசதியாக.

"சல்லில பாதிய காட்டுக்கு வை" என்றான் ஃபசீஹ்.
எந்தக் காட்டுக்கு என்று கேட்டேன்.
"கிராஃபிக்ஸ் காட்டுக்கு."
பம்பலப்பிட்டிச் சந்தி கடக்கும்வரை
அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

யுனிற்றி பிளாசாவில்
கண்ணாடிக்குக் கண்ணாடி
பச்சை, ஊதா, நீலம் ஓடுகிறது.
மினுங்குகிற றாமுக்கு நாலாயிரம் கூட.
மினுங்காததை எடுத்தேன்.
விலையை யாரும் வாயால் சொல்வதில்லை,
கல்குலேட்டரைத் திருப்பிக் காட்டுகிறார்கள்.
சோற்றுக்குப் போய் வருவதற்குள்
புரொசசர் ஆயிரத்தைந்நூறு ஏறியிருந்தது.
டொலர், என்றார் கடைக்காரர்,
மழை என்று சொல்வதுபோல.

"தம்பிக்கா, நங்கி?"
எனக்கு.
"ஒபிஸ் வேலையா?"
இல்லை, கேம்.
"என்ன கேம்?"
சுடுற கேம் என்று சொல்ல வாயெடுத்து,
என் அடையாள அட்டையில் எழுதியிருக்கும்
ஊர்ப்பெயர் நினைவு வந்து,
கார் ஓட்டுறது, என்றேன்.
அன்றிலிருந்து கார்தான் ஓட்டுகிறேன்.

பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாதாம்.
ஃபசீஹ் முதலில் வாங்கிய மலிவுப் பெட்டி
மூன்றாம் கிழமை வெடித்ததில்
வீடு முழுக்க நெத்தலி பொரித்த மணம்,
உம்மா அடுப்பைப் போய்ப் பார்த்தாராம்.
ஆகவே பவர் சப்ளைக்கு ஐயாயிரம் கூட்டி
கேசிங் என்ற வரியை அழித்தேன்.
பில் அந்த இடத்தில் கிழிந்துபோனது.

காட் மட்டும் பழையது.
தெஹிவளையில் லக்ஷித என்று ஒருவன்,
சனிக்கிழமை ருமேனியாவுக்குப் போகிறான்.
நாட்டை விட்டுப் போகிறவன் விலை குறைப்பான்
என்று நம்பிப் போனோம்.
குறைக்கவில்லை.
சூட்கேசைக் கொக்கித் தராசில் தூக்கிப் பார்த்தபடியே
நாற்பதுக்குக் கீழே முடியாது என்றான்.
இன்னும் இரண்டு மாத வாரண்டி இருக்கிறதே, என்றான்.
கேம் ஒன்றைப் போட்டுக் காட்டச் சொன்னோம்.
காட்டத் தொடங்கியவன் நிறுத்தவில்லை.
பத்து நிமிடம், பதினைந்து.
வாசலில் அவனுடைய மாமாவின் வான் ஹோன் அடித்தது.
பிறகு தானே கழற்றி,
ஒற்றைக் காலுறையால் துடைத்துத் தந்தான்.
நாலு ஸ்க்ரூ சும்மா என்றான்.
வீட்டில் எண்ணியபோது மூன்று.

என் அறை வெள்ளவத்தையில், கடல் பக்கத்து ஒழுங்கையில்.
ஃபேன் கம்பி, கட்டில் ஆணி, பூட்டு
எல்லாவற்றையும் துரு தின்றுகொண்டிருக்கிறது.
பட்டியலில் எழுதாத பாகம் உப்பு.
மதர்போட்டை அது வந்த மட்டைப்பெட்டியின் மேலேயே கிடத்தி,
சுவிட்ச் இல்லாததால்
ஸ்க்ரூ ட்ரைவர் நுனியால்
இரண்டு ஊசிகளைத் தொட்டேன்.

விசிறிகள் சுற்றின.
திரை கறுப்பு.

கழற்றினேன், ஊதினேன், பூட்டினேன்.
றாமை இடம் மாற்றினேன்.
லக்ஷிதவைத் திட்டினேன், இரண்டு மொழியில்.
இரவு பதினொன்றரைக்கு ஃபசீஹ் கேட்டான்:
"திரைட வயர எங்க குத்தின?"
மதர்போட்டில்.
"காட்டுல குத்து."
இந்தமுறை நாங்கள் சிரிக்கவில்லை,
திரையில் எழுத்துகள் வந்துகொண்டிருந்தன.

முதல் வேலையாக எல்லாவற்றையும் குறைக்க வேண்டியிருந்தது.
புல்லைக் குறைத்தேன்.
தூரத்து மலைகளைக் குறைத்தேன்.
நிழலா வேகமா என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து
நிழலை நிறுத்தினேன்.
நண்பகல் வெயிலில்
ஒரு நகரம் முழுக்க நிழலில்லாத ஆட்கள்,
அவசரமாக எங்கோ போகிறார்கள்.
நான் அவர்களுக்கு இடையால் ஓட்டினேன்.

கேசிங் அடுத்த சம்பளத்தில்.
அதுவரை பகலில் பழைய துவாய் ஒன்று
அதன் மேல் கிடக்கும்.
கடைசி ரயில் வந்தபோது மேசை ஆடியது,
பூட்ட இடமில்லாமல் செங்குத்தாக நின்ற காட்
சரியத் தொடங்கியது.
பெட்டிகள் எல்லாம் போய் முடியும்வரை
ஒரு கையால் அதைப் பிடித்திருந்தேன்.
மற்றக் கையால் வளைவில் காரைத் திருப்பினேன்.