மயில்: ஆம் / இல்லை

வண்ணார்பேட்டை பைபாஸ் ஷெட்டில்
தார்ப்பாயை உருவிப் போட்டார் பீர்முகமது.
மஞ்சள் ஒன்று. வெள்ளி ஒன்று.
இரண்டின் விலைக்கும் நாங்குநேரியில்
ஒரு கல்யாண மண்டபம் கட்டி
ஏசியும் போட்டுவிடலாம்.

கம்பெனி கேட்டிருப்பது ஒப்பீடு:
எது எப்படிக் காத்தது, எது எங்கே கைவிட்டது.
நெடுக ஒரு கோடு கிழித்து
சங்கரவடிவு, சர்வேயர் என்று மேலே எழுதினேன்.

மஞ்சளில் காற்றுப்பை பத்து.
பத்தும் வெடித்து
பால் வற்றிய மடிபோலத் தொங்குகின்றன.
முழங்காலுக்கென்றே தனியாக இரண்டு.
வெள்ளியில் எட்டு. விரிந்தது நாலு.
மிச்சம் வேண்டாம் என்று அதுவே முடிவெடுத்திருக்கிறது,
பந்தியில் ஆளை எண்ணி
இலை போடுகிறவன் மாதிரி.

மஞ்சளின் பிரேக் வட்டு பீங்கானாம்.
எங்கள் வீட்டில் பீங்கானை
ஊறுகாய்க்கு மேல் நம்பியதில்லை.

அதே மஞ்சளில், பெல்ட் கொண்டிக்குள்
ஒரு குருட்டு நாக்கு.
கீ கீ என்று கத்தாதிருக்க
கிளாட்வின் நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கியது.
காறை எலும்பு இரண்டாகி
ஹைகிரவுண்டில் படுத்திருக்கிறார்.

வெள்ளிக்காரர் எபனேசர். பெரியப்பா மகன்.
ஒரே குவாரி, இரண்டு பங்கு, மூன்று வழக்கு.
இது நாலாவது.
"மயில் குறுக்கே வந்துச்சு, வண்டி தன்னால நின்னுச்சு."
"மயிலுமில்ல மண்ணுமில்ல, வேணும்னே பிடிச்சான்."

ஆனி மாதம். விடிகாலை ஐந்தரை.
மூன்றடைப்பு தாண்டி, காற்று
லாரியையே தள்ளிப் பார்க்கும் இடம்.

வெள்ளியின் நினைவில் இருப்பது இவ்வளவு:
பாதசாரி. முப்பத்தொரு மீட்டர்.
உறுதி, அறுபத்துநாலு சதவீதம்.
அறுபத்துநாலு போதும் அதற்கு, நிற்க.

மஞ்சளும் சும்மா வரவில்லை.
கிளாட்வின் கால் எழும்புமுன்
நூற்று நாற்பத்திரண்டை
அறுபத்தொன்றாகக் குறைத்திருக்கிறது.
அந்த எண்பத்தொன்று இல்லையென்றால்
வேறு தாள். வேறு ஆள் எழுதியிருப்பார்.

மோதி ஒன்பதாவது நொடியில்
வெள்ளி தானாக யாருக்கோ போன் போட்டது.
எழுத்தில் வைத்திருக்கிறார்கள்.
ஆங்கிலத்தில் ஒரு குரல், நலமா என்று.
பிறகு இந்தியில். மூன்றாவதாகத் தமிழில்.
பதில் சொன்னது
ஆடு பத்திக்கொண்டு வந்த மந்திரமூர்த்திக் கோனார்:

"யாருவே உள்ள இருந்து பேசுதது?
ஆளு மயங்கிக் கெடக்காரு, மூச்சு இருக்கு.
பின்னால மஞ்ச வண்டிக்காரருக்கு ரத்தம்.
கேட்டுக்கிட்டே இருக்கீரே,
இறங்கி வந்து ஒரு கை பிடியும்."

நேற்று அவருக்கு நானும் போன் செய்தேன்.
"மயிலா? அது அங்கன எப்பமும் நிக்கும்."
அன்றைக்கு?
"அன்னைக்கு நாம்லா குறுக்க வந்தேன்.
ஒரு குட்டி அந்தப் பக்கம் ஓடிட்டு.
தோள்ல கெடந்த கம்பளி
காத்துக்கு விரிஞ்சு நிமிந்துட்டு, பாத்துக்கோ."
கொஞ்சம் நிறுத்தி,
"போலீசுல இதெல்லாம் கேக்கலம்மா" என்றார்.

பேட்டரி மாட்டித் தரச் சொல்லி
வெள்ளிக்குள் போய் உட்கார்ந்தேன்.
இருக்கை என்னைத் தரைக்குப் பக்கத்தில்
மல்லாத்தி வைத்துக்கொண்டது.
பெல்ட் இழுத்தால் வரவில்லை;
ஒருமுறை பிடித்ததோடு அதன் வேலை முடிந்தது.
திரை விழித்தது.
எங்கிருந்தோ அந்தக் குரல், இம்முறை நேராகத் தமிழில்:
நீங்கள் நலமா?
பக்கத்தில் யாரேனும் இருக்கிறார்களா?

மடியில் தாள்.
மயில் என்று எழுதி அடித்திருந்தேன்.
அடித்ததன் மேல் மறுபடி எழுதியிருந்தேன்.
கண்ணாடிக்கு வெளியே பீர்முகமது
டீ டம்ளரை உயர்த்திக் காட்டினார்.

என் லைசென்ஸ் எண்ணைச் சொன்னேன்.
புரியவில்லை, மீண்டும் சொல்லுங்கள் என்றது.