செவுள்

நான்கு இரவுத் தொடர்.
நாற்பது வருடம் கழித்து, வால்பராய்சோவின் ஞாயிற்றுச் சந்தையில்,
பழைய குழாய்களுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவில்
உறையில்லாத நான்கு குறுந்தகடுகளாகக் கிடைத்தது.
விற்றவன் சொன்னான்: மூணாவது கொஞ்சம் திக்கும்.

திக்கட்டும். கதை எனக்கு மனப்பாடம்.
விண்கலம் வரும். புன்னகைகள் இறங்கும்.
சாம்பல்நிறக் கோட்டு, வெள்ளைக் கையுறை,
உங்கள் கடலிலிருந்து கொஞ்சம் உப்பு, அவ்வளவுதான்.
முதல் இரவிலேயே மேயர் கைகுலுக்கிவிடுவார்.
இரண்டாம் இரவில் ஆசிரியர்கள் காணாமல் போகத் தொடங்குவார்கள்.

இப்போது பார்த்தால் கலத்தைத் தாங்கும் கம்பி தெரிகிறது,
வெயில் பட்டு மினுக்குகிறது.
கதிர்த் துப்பாக்கி என்பது தலைமுடி உலர்த்தும் கருவி,
பிடியில் கறுப்பு வர்ணம் அடித்திருக்கிறார்கள்.
சிரிக்கலாம் என்றுதான் போட்டேன்.

எண்பத்தைந்தில் யாரும் சிரிக்கவில்லை.
ஊரடங்கு. நாய்களுக்கு மட்டும் தெரு.
எங்கள் மேட்டில் மூன்று வீட்டில்தான் வண்ணத் தொலைக்காட்சி,
அதில் ஒன்று எங்களுடையது,
அப்பா காவல்துறை என்பதால்.
பக்கத்து வீட்டு உபெர்லிந்தா நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வருவாள்.
அவள் மகன் எங்கே என்று யாரும் கேட்பதில்லை.
பாரஃபின் அடுப்பின் மேல் ஆரஞ்சுத் தோல் கருகும்.
இதை எப்படி ஒளிபரப்ப விட்டார்கள் என்று இன்றும் வியப்பு.
வேற்றுக்கிரகம் என்று எழுதியிருந்ததை
தணிக்கைக்காரர்கள் அப்படியே நம்பிவிட்டார்கள் போல.

வந்தவர்களின் காலரைக் கிழித்தால்
தாடைக்குக் கீழே செவுள் திறந்து மூடும்.
எதிர்ப்பாளர்கள் அதையே சுவரில் வரைவார்கள்:
ஒரு வட்டம், உள்ளே மூன்று கீற்று.
அந்த வாரம் பள்ளியில்
ஒருவர் காலரை ஒருவர் பிரித்துப் பார்த்துக்கொண்டோம்.

அப்பா ஓர் இரவும் தவறவிடவில்லை.
பனியனோடு, முழங்காலில் முழங்கை ஊன்றி.
சுரங்கப்பாதையில் அந்தச் செவிலியைத் துரத்தியபோது
'ஓடு, பெண்ணே, ஓடு' என்று கத்தியது அவர்தான்.
பத்தேகாலுக்குத் தொடர் முடியும்.
பத்தரைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு
ஜீப்புக்காக வாசலில் நிற்பார்.

ஒரு பகல், அவர் உறங்கும்போது
தாடைக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தேன்.
எனக்கு ஒன்பது வயது.
முள்முள்ளாய் முடி. நாடி.
வேறொன்றும் இல்லை.
அன்று அடைந்த நிம்மதியை
என்ன செய்வதென்று இன்னும் தெரியவில்லை.

நான்காம் நாள் விடியலில்
எங்கள் வெளிச்சுவரில் சிவப்பாய் அந்தக் குறி.
அக்கா கிரிசெல்டாவின் நகக்கண்ணில் அதே சிவப்பு.
வேலை முடிந்து வந்த அப்பா தொப்பியைக்கூடக் கழற்றாமல்
வாளி எடுத்தார், டர்பன்டைன் எடுத்தார்.
சுவர் வெளுத்த பிறகு
மிச்சத் துணியை அக்காவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு
ரொட்டி கேட்டார்.
இதுதான் நான் எல்லோரிடமும் சொல்லும் கதை.
அவர் இறந்தபோது கல்லறையில் இதைத்தான் சொன்னேன்.

இன்று மால்மோவுக்குப் போன் போட்டு அக்காவிடமும் சொன்னேன்.
அங்கே பனி பெய்கிறதாம்.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு, 'அன்னிக்கு ராத்திரி ரெண்டு சுவர்ல வரைஞ்சேன்' என்றாள்.
'உபெர்லிந்தா வீட்டுச் சுவரை அவர் கழுவலை.'

கடைசி இரவில் அவள் எங்களோடு உட்கார்ந்திருந்தாள் என்றே
இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.
அந்த நாற்காலியை எங்கே போட்டிருந்தோம் என்று யோசிக்கிறேன்.
அடுப்பு நினைவில் இருக்கிறது. ஆரஞ்சுத் தோல் இருக்கிறது.

நான்காவது தகட்டைப் போடவில்லை.
மூன்றாவதுதான் இன்னும் ஓடுகிறது,
சொன்னபடியே திக்குகிறது.
சுரங்கப்பாதையில் அந்தச் செவிலி
அரை அடி ஓடி, பின்வாங்கி,
மறுபடி அதே அரை அடி.