பிள்ளையார் சுழி

அண்ணன் போடும் சுழிக்கு வால் நீளம்.
நான் போட்டது குட்டை.
புரை எடுக்க மதுரையில் நாள் குறித்திருந்தது,
அப்பச்சி பொறுக்கவில்லை.
கடிதாசியை மூக்கோடு ஒட்டி வாசித்தார்.
வால் தெரியவில்லை,
வசவு தெரிந்தது.

"சாத்தையா எனக்குப் பிள்ளை இல்லை."

கண்டனூர் வீட்டில் அவன் பங்கு அறைக்கு
நானே பூட்டுப் போட்டேன்.
ஒரு வார்த்தை கேட்காமல்
காரைக்குடி பஸ் ஏறினான்.

எழுதி வாங்கியபின் நான் சென்னையில்.
அப்பச்சி விழுந்தது
மூன்றாம் நாள்தான் தெரியும்.
போனபோது இரண்டாங்கட்டுத் தூணுக்கு இந்தப்பக்கமே
நின்றுவிட்டேன்.

கஞ்சி வழிந்த வாயை
அண்ணன் துடைத்துக்கொண்டிருந்தான்.
புரை எடுத்த கண்ணும் கைவிட்டிருந்த அப்பச்சி
அவன் மணிக்கட்டைத் தடவிப் பிடித்து,
"வயிரவா, நீதான்டா பிள்ளை" என்றார்.

என் பெயருக்கு
அவன் "ம்" சொன்னான்.