ஒன்பதுக்குப் பதின்மூன்று

இரண்டு நாள் பனியை வழித்துத் தள்ளிவிட்டு
விடியற்காலை நாலரைக்கு வீடு வந்து
பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
வெண்ணெய் உருக்குகிறேன்.

வெர்லீன் நைக்விஸ்ட்டின் தபால் பெட்டியை
முந்தாநாள் இரவு என் வண்டியின் தகடு
கம்பத்தோடு பெயர்த்தது.
அவள் சன்னலில் விளக்கு எரிந்தது.
நான் நிறுத்தவில்லை.
பின்னால் ஆம்புலன்ஸ் வந்தது உண்மை.
நிறுத்தாததற்கு அது காரணமில்லை என்பதும்
உண்மை.

டுலூத்தில் மன்னிப்பை வாயால் கேட்பவர்கள் குறைவு.
தட்டில் வைத்துக் கொண்டுபோவோம்.

தட்டு, மாதா கோயில் நிலவறைச் சந்தையில்
ஒரு டாலருக்கு வாங்கியது.
ஒன்பது அங்குலத்துக்குப் பதின்மூன்று.
அடியில் பழுத்துப்போன ஒட்டுநாடா:
கே. ஹாகன்.
யாரென்று தெரியாது.
யாரோ எப்போதோ திருப்பிக் கொடுக்க மறந்தது.

கோகோ டப்பாவின் முதுகில் செய்முறை,
பாதி எழுத்தை ஈரம் தின்றுவிட்டது.
நாலு முட்டை.
ஐந்தாவது தரையில்.
கோகோ விழுந்ததும் கலவை கறுத்து
மழை நனைத்த தார்போல மினுங்கிற்று.
மூலைவரை தள்ளினேன்.
தள்ளுவது எனக்குத் தெரியும்.

குக்கீ மாவுதான் சண்டித்தனம் செய்தது.
கரண்டியால் இழுத்தால்
அடியில் இருப்பது மேலே வருகிறது.
சப்பாத்தியைப்போல் தேய்க்கவும் முடியாது,
ஒட்டுகிறது.
கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து
உள்ளங்கையில் வைத்துத் தட்டி
ஒவ்வொன்றாய் மேலே பரத்தினேன்.

பத்தொன்பது குளிர்காலம்
கறுப்பின் மேலிருந்து வெள்ளையை அகற்றியே
சம்பளம் வாங்கியவன்.
கறுப்பின் மேல் வெள்ளையை வைப்பது
இது முதல் தடவை.
இடைவெளிகளில் கறுப்பு எட்டிப் பார்த்தது.
பார்க்கட்டும் என்று விட்டேன்.
என் சாலைகளும் அப்படித்தான்,
எந்தக் காலையிலும் முழுசாய் எதுவுமாக இருந்ததில்லை.

மேலே ஒரு சிட்டிகை உப்பு.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
இந்த ஊர்ச் சாலை முழுக்க உப்பிட்டவன் நான்.
என்னை நினைப்பதென்றால்
தபால் பெட்டி விழும்போதுதான் நினைக்கிறார்கள்.

ஓவன் கதவின் முன் நாற்காலி போட்டு
உட்கார்ந்தேன்.
வானொலி, இன்று மூடியிருக்கும் பள்ளிகளை
ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொண்டே போனது.
எந்தப் பள்ளியில் தூங்கினேனோ,
வாசனை எழுப்பிவிட்டது.
மேலே பொன்னிறம் தாண்டியாயிற்று,
குத்திய பல்குச்சியோ
சேறாய்த் திரும்பியது.
அலுமினியத் தாளால் போர்த்தி
இன்னும் பன்னிரண்டு நிமிடம்.

ஆறுவதற்குள் வெட்டப் பார்த்தேன்.
நடு உள்வாங்கிற்று.
அவசரத்தில் தட்டை
வாசல்படிப் பனியில் வைத்தேன்.
எடுத்தபோது
பனியில் கச்சிதமாய் ஒரு பள்ளம்,
ஒன்பதுக்குப் பதின்மூன்று.
இத்தனை வருடத்தில்
இவ்வளவு நேர்த்தியாய் நான் பனி எடுத்ததில்லை.

அவள் வீட்டுக்குப் போனால்
தபால் பெட்டி ஏற்கெனவே நின்றது,
பனிக்குவியலில் செருகிய ஒற்றைச் சறுக்குக் கட்டையில்,
ஹாக்கி மட்டைக்குச் சுற்றும் நாடாவால்
கட்டுப்போட்டு.
நெளிந்த கன்னத்தோடு
என்னைப் பார்த்தது.

வெர்லீன் கதவை அரைவாசி திறந்தாள்.
ஓரத்துண்டு ஒன்றை எடுத்து
நின்றபடியே கடித்தாள்.
மெல்ல மென்றாள்.
என் பெட்டியைப் பற்றிச் சொல்லப்போகிறாள் என்று
தொப்பியைக் கழற்றினேன்.

"நடுவில் வேகலை" என்றாள்.

ஏரிப் பக்கமிருந்து காற்று ஒருமுறை வந்து போனது.

"பரவாயில்லை."

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்:
இந்தக் கரையில்
அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்தபோது
படியில் தட்டு இருந்தது.
தேய்த்துக் கழுவி,
உள்ளே நாலு உருளைக்கிழங்கு ரொட்டி
துணி மூடி.
தூக்கிப் பார்த்தேன்.
கே. ஹாகனைச் சுரண்டி எடுத்துவிட்டு
அதே ஹாக்கி நாடாவில் புதிதாய்
என் பெயர்,
டி. டோலப்சன்,
ஓர் எழுத்து குறைவாக.